கண்ணாடியைக் கழற்றாத நான்கு நிமிடங்கள்

அவனைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் "தனித்து நின்ற கலைஞன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தனித்து நின்றான்தான். ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர் வைத்துக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, பேச்சுத் துணைக்கு ரேடியோவைத் திறந்துவிட்டுப் படுக்கிற மனுஷனைச் சிகரம், சூரியன் என்று எழுதினால் அவனுக்கு என்ன வந்தது? நான் அவனுடைய மூன்று படங்களுக்கும் எடிட்டர். எடுத்ததில் வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டுகிறவள். எங்களுக்குள் வேறெதுவும் கிடையாது. கேட்கிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நான் வெட்டியதில் ஒரு தப்பு நடந்துபோயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம்மாளுக்குச் சோறு போட்ட தொழில் சினிமா இல்லை. கடைகளிலும் அலுவலகங்களிலும் கண்காணிப்புக் கேமரா மாட்டுவதுதான் அவன் வேலை. ஏணி, துளை போடும் மெஷின், ஒரு தோள்பை. எந்த மூலையில் மாட்டினால் முழு அறையும் தெரியும் என்று உள்ளே நுழைந்தவுடன் சொல்லிவிடுவான். ஒருநாள் ஒரு செருப்புக் கடையில் கேமராவை மாட்டிவிட்டு, படம் சரியாக வருகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். கல்லாவுக்குப் பின்னால் கடைக்காரரும் அவர் மனைவியும் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். ஒரு வார்த்தை பேச்சில்லை. ஆனால் கடைக்காரர், திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை அந்த அம்மாளின் தட்டுக்குத் தள்ளிவிடுகிறார். வேலை முடிந்தும் அரை மணி நேரம் திரைக்கு முன்னால் அசையாமல் நின்றிருக்கிறான். திருடனைப் பிடிக்க மாட்டிய கேமராவில் இவன் மாட்டிக்கொண்டான்.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போய், "நீங்க ரெண்டு பேரும் என் படத்துல நடிக்கணும்" என்று கேட்டான்.

"எங்களுக்கு என்னத்த நடிக்கத் தெரியும்? சாப்பிடத்தான் தெரியும்" என்றார் கடைக்காரர்.

"அதுதான் வேணும்."

அதுதான் முதல் படம். அதை எடுக்கும்போதுதான் அந்தக் கண்ணாடிப் பழக்கம் வந்தது. எல்லா இயக்குநர்களையும் போல இவனும் முதல் நாள் "கட்" என்று சத்தம் போட்டான். அந்த அம்மாள் திடுக்கிட்டுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். மறுபடி எடுத்தார்கள், மறுபடி கரண்டி விழுந்தது. மூன்றாவது தடவை, இவன் எப்போது கத்துவானோ என்ற பயத்திலேயே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம்மாள் யோசித்துவிட்டு, "இனிமே நான் வாயே திறக்க மாட்டேன். என் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினா முடிஞ்சுதுன்னு அர்த்தம். போட்டிருக்கற வரைக்கும் என்ன ஆனாலும் நீங்க உங்க வேலையைப் பாத்துகிட்டே இருங்க" என்றான். சோடாபுட்டிக் கண்ணாடி அது. கழற்றினால் அவனுக்கு எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. கண்ணாடியைக் கழற்றினால் பார்ப்பதை நிறுத்திவிட்டான் என்று பொருள். அதற்குப் பிறகு எந்தப் படப்பிடிப்பிலும் அவன் வாயிலிருந்து "கட்" என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை.

அவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்ததே அவனுடைய அக்காதான். எட்டு வயதில், தெருவில் வருகிற பஸ் நம்பரைச் சொல்லு என்றால் உத்தேசமாக எதையோ சொல்வானாம். அம்மா வேலைக்குப் போய்விடுவார், அப்பா இல்லை. ஐந்து வயது மூத்த அக்காதான் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் உட்காரவைத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தவன் அக்காவையே உற்றுப் பார்த்து, "உன் மூக்குல மச்சம் இருக்கா?" என்று கேட்டானாம். இதை அக்கா நூறு தடவையாவது என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தக் காலத்தில் அவர் சிரிப்பார்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்து அம்மாவோடு இருந்தார். இரண்டாவது படம் அவரை வைத்துத்தான். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் படுக்கை விரிப்பை மடித்து அடுக்குகிற ஒரு பெண்ணின் கதை. "எனக்கு நடிப்பெல்லாம் வராதுடா" என்று ஆறு மாதம் மறுத்துவிட்டு, கடைசியில் தம்பிக்காக ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின்கள் நின்றிருக்கும்போது அனுமதி வாங்கி எடுத்தோம். குழு என்றால் அவனும் நானும்தான். அவன் கேமராவைப் பார்த்துக்கொள்வான், மிச்சமெல்லாம் என் தலையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எடுக்க வேண்டிய காட்சி ரொம்ப எளிது. அக்கா விரிப்பு மடித்துக்கொண்டிருப்பார். போன் அடிக்கும். எடுத்து, "சரி, சரி, சரி" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டு, மறுபடி மடிப்பார். போனை அடிக்க வேண்டியவள் நான். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே தாழ்வாரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவன் உள்ளிருந்து கதவை ஒரு தட்டுத் தட்டினான். அதுதான் சமிக்ஞை. நான் நம்பரைப் போட்டேன். லைன் பிஸி. மறுபடி போட்டேன், பிஸி. "எந்தக் கழுதை இந்த நேரத்துல கூப்பிடுது" என்று வாய்விட்டே திட்டினேன்.

கூப்பிட்டது அக்காவின் பக்கத்து வீட்டுக்காரம்மா. வீட்டில் அம்மா இறந்துபோய்விட்டார் என்று சொல்ல.

உள்ளே நடந்ததை நான் பிறகு படமாகத்தான் பார்த்தேன். போன் அடிக்கிறது. அக்கா, நான்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து எடுக்கிறார். "எப்போ?" என்கிறார். பிறகு, "அம்மாவா?" என்கிறார். போன் கையிலேயே இருக்கிறது. மடித்து அடுக்கிய விரிப்புகளின் மேல் அப்படியே சரிந்து உட்கார்ந்து, ஒரு விரிப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுகிறார். நடுவில் ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கிக் கேமரா பக்கம், தம்பி பக்கம் பார்க்கிறார். மறுபடி குனிந்துகொள்கிறார். நான்கு நிமிடம், பத்து விநாடி. அதற்கு மேல் இல்லை, பேட்டரி தீர்ந்து கேமராவே அணைந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு அவன் வெளியே வந்து, "அம்மா போயிட்டாங்களாம்" என்றான். முகத்தில் கண்ணாடி அப்படியே இருந்தது.

அன்று காலையிலேயே அம்மாவுக்கு நெஞ்சு ஒரு மாதிரியாக இருந்திருக்கிறது. "எனக்கு ஒண்ணுமில்ல, நீ போ, அவன் வேலை கெட்டுடக் கூடாது" என்று மகளைத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாராம்.

ஆறு மாதம் கழித்து எடிட்டிங் அறையில் என் பின்னால் வந்து நின்று, "அதைப் போட்டுடு" என்றான்.

எனக்குப் புரிந்தது. "அக்காவைக் கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவா."

"அப்ப வேண்டாம்."

"அந்தப் படத்துல அது மட்டும்தான் நெசம்" என்றான். சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் வேலையை முடிக்கும் வரை உள்ளே வரவில்லை. நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அந்தக் காட்சி அவ்வளவு நன்றாக இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். "அம்மாவா" என்ற சொல்லை நறுக்கி எடுத்தேன். அக்காவின் சட்டைக் காலரில் செருகிய குட்டி மைக்கின் ஒலியை வைத்துக்கொண்டு, கேமராவின் தலையில் இருந்த மைக்கின் ஒலியை மூடினேன். எல்லாக் காட்சியிலும் அப்படித்தான் செய்வோம். கேமரா மைக்கில் எடுக்கிறவனின் மூச்சும் ஃபோகஸ் வளையம் திருகுகிற சத்தமும்தான் கேட்கும். அன்றும் ஏதோ மூச்சிரைப்பு கேட்டது. இரண்டு விநாடி கேட்டுவிட்டு மூடிவிட்டேன்.

படத்தின் முதல் திரையிடலுக்கு அக்கா நல்ல உடை உடுத்திக்கொண்டு, கூட வேலை பார்க்கிற நாலு பேரை அழைத்துக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். அந்தக் காட்சி வந்தது. அரங்கமே உச்சுக் கொட்டியது. அக்கா எழுந்து வெளியே போனார். பின்னாலேயே ஓடிய தம்பியிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"நான் உன்னைப் பாத்தேன்டா. கண்ணாடியைக் கழட்டினியா நீ?"

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. பதினோரு வருஷம்.

அந்தப் படம்தான் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. எங்கே போனாலும் அந்த நாலு நிமிடத்தைப் பற்றியே கேட்டார்கள். "அந்த அம்மாவை எப்படி நடிக்க வெச்சீங்க?" என்று கேட்டால் எழுந்து போய்விடுவான். திமிர் பிடித்தவன் என்று எழுதினார்கள். மூன்றாவது படத்தில் ஆளே கிடையாது. காலி அறைகள், காலி நாற்காலிகள், ஒரு மணி நேரம். பார்க்க வந்தவர்கள் பதினாலு பேர், அதில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். "நாற்காலிங்க நல்லா நடிச்சிருக்கு" என்று நான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு படமே எடுக்கவில்லை. ஏணியையும் தோள்பையையும் எடுத்துக்கொண்டு மறுபடி கடை கடையாகப் போக ஆரம்பித்தான்.

ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தான். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். நான் போனால் எனக்கு டம்ளரில் டீயைக் கொடுத்துவிட்டு அவன் கிண்ணத்தில் குடிப்பான். "இன்னொரு டம்ளர் வாங்கேன்டா" என்றால், "யார் வரப்போறாங்க" என்பான். அக்காவின் பிறந்தநாளைக்குப் போனை எடுத்து, நம்பரைப் போட்டு, அடிக்கும் முன்னால் வைத்துவிடுவான். இதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் செய்தான். ஆஸ்பத்திரியின் கண்காணிப்புக் கேமராக்களைப் பராமரிக்கும் வேலையை எப்படியோ பிடித்துவிட்டான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்த் திரை அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். சலவைப் பகுதித் தாழ்வாரத்துக் கேமராவை மட்டும் மத்தியானத்துக்கென்று ஒதுக்கிவைப்பான். இரண்டு மணி சுமாருக்கு அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போவார். பத்து விநாடி இருக்கும். பார்த்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான்.

"அக்கா இடது காலை லேசா இழுக்கறா. முட்டி வலின்னு நினைக்கறேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு மாடி கீழ இறங்கினா நேர்லயே கேக்கலாம். இப்பவும் கேமரா வழியாத்தான் பாக்கணுமா? வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு" என்றான். அதற்கு மேல் என்ன திட்டுவது?

போன மாதம் ஒரு திரைப்படக் கழகத்தார் அவனுடைய படங்களைத் திரும்பத் திரையிட வேண்டும் என்று கேட்டார்கள். மறுநாளே என்னிடம் வந்து நின்றான். "ரெண்டாவது படத்துல அந்த நாலு நிமிஷத்தை எடுத்துடு. எடுத்தாத்தான் காட்டலாம்னு சொல்லிட்டேன்."

"படம் நொண்டும்டா."

"நொண்டட்டும். அது இல்லன்னு சொன்னா அக்கா வருவா. வந்து ஒரு தடவை உக்காந்து பாக்கட்டும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

எடுத்துவிட்டேன். போன் அடிக்கிறது, உடனே காலித் தாழ்வாரம். அவன் அக்காவுக்குக் கடிதம் எழுதினான். எட்டுத் தடவை கிழித்துப்போட்டு, ஒன்பதாவதாக இரண்டே வரி: "அந்த நாலு நிமிஷம் இப்ப படத்துல இல்லக்கா. ஒரு தடவை வா."

அக்கா வந்தார். கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார். நம்மாள் உள்ளே வரத் தைரியமில்லாமல் வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தான். படம் முடிந்து வந்தவர், தம்பியைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். அவன் காதில் விழட்டும் என்றுதானோ என்னவோ, குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"வெட்டிட்டா சரியாப் போச்சாம்மா? படத்துல இருந்ததுக்கா நான் கோவிச்சுகிட்டேன்? அவன் நின்னானே. எங்கம்மா செத்துட்டாங்கன்னு கேட்டு நான் விழுந்து கிடக்கறேன், திரும்பிப் பாக்கறேன், கண்ணாடியைப் போட்டுகிட்டு நிக்கறான். வேலையைப் பாருன்னு அர்த்தம். அதை எந்தக் கத்திரி வெச்சு வெட்டுவே நீ?"

சொல்லிவிட்டுக் காலை இழுத்து இழுத்துப் படியிறங்கிப் போனார். நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"அக்கா சொல்றது சரிதானே" என்றான். "எனக்கு அந்த நாலு நிமிஷம் ஞாபகமே இல்ல. ஃபோகஸ் சரியா இருக்கு. அப்ப நான் நின்னு ஃபோகஸ் பண்ணியிருக்கேன். கல்லு மாதிரி நின்னிருக்கேன். அவ்வளவுதான் தெரியும்." பையை மாட்டிக்கொண்டு எதிர்த் திசையில் நடந்தான். இரண்டு பேரும் இரண்டு பக்கம் போவதை நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் அசல் பதிவுகளைப் போட்டுவைத்திருந்த பழைய பெட்டியைத் திறந்து அந்தக் காட்சியை வெட்டாமல் முழுசாகப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு உள்ளே என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் மூடிய கேமரா மைக்கையும் திறந்துவிட்டேன்.

முதலில் மூச்சு. பிறகு ஃபோகஸ் வளையம் திரும்புகிற கறக் கறக் சத்தம். "அம்மாவா?" என்று அக்கா சொன்னதும் மூச்சு நின்றது. அப்புறம் அவன் அழுகிற சத்தம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு அழுகிறான். நடுநடுவே வளையமும் கறக் கறக் என்று திரும்புகிறது. கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. பிறகு அவன் குரல் கேட்டது. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, வெறும் காற்று. "கட்" என்றான். கொஞ்சம் கழித்து மறுபடி, "கட்." எண்ணிப் பார்த்தேன், ஐந்து தடவை. மைக் அவன் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்ததால்தான் எனக்கே கேட்டது. பத்தடி தள்ளி, வாயில் விரிப்பை அழுத்திக்கொண்டு அழுகிறவருக்கு எப்படிக் கேட்கும்? யாராவது வந்து இதை நிறுத்துங்களேன் என்று அவன் கெஞ்சியது போல இருந்தது. வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து நான் லைன் பிஸி என்று திட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மூச்சிரைப்பு என்று நினைத்து அதை மூடியவளும் நான்தான்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சலவைப் பகுதியில் மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, ஒரே ஆவி. அக்கா தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாக்க வேண்டாம்க்கா, கேளுங்க போதும்" என்று ஹெட்போனை நானே அவர் காதில் மாட்டினேன். கை பாட்டுக்கு மடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. ஒரு உறையைப் பாதி மடித்தபடி கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன்.

"இது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. எனக்கே இன்னிக்குக் காலைலதான் தெரியும்."

"இத்தனை வருஷம் எங்க இருந்துச்சு?"

"என் பெட்டியில."

"கேக்காமலேவா வெச்சிருந்தே?"

"கேக்காமத்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா வெட்டினே போ" என்றார். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? மேற்பார்வையாளரிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு, மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து, "அவன் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

தையல் கடைப் படியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். கதவு திறந்தே இருந்தது. நம்மாள் ஒரு பழைய கேமராவைப் பிரித்துத் தரையில் பரப்பிவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். கையில் துடைக்கிற துணி.

அக்கா அந்த அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒற்றைத் தட்டையும் ஒற்றை டம்ளரையும் பார்த்தார். பிறகு கிட்டே போய், இரண்டு கையாலும் அவன் கண்ணாடியைக் கழற்றினார். அவன் எதிரில் இருப்பது தெரியாமல் கண்ணைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றான்.

"நீ சொன்னது அன்னிக்கு எனக்குக் கேக்கலடா" என்றார்.

"நான் என்னக்கா சொன்னேன்?" என்று கேட்டான். அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

"கட்னு சொன்னே" என்றார் அக்கா. "அஞ்சு தடவை சொன்னே."